ஒரு டீச்சர், மூன்று வகுப்பு, நான்கு மூலை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பி, கண்மாய்க் கரையோரமாகவே போனால் ஓர் ஊர் வரும். அந்த ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமையாசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் என்னிடம், ஒரே அறையில். ஒரு வருடம் ஒன்றாம் வகுப்பில் 7 பேர், இரண்டில் 9, மூன்றில் 6. மொத்தம் 22.

22 பேர்தானே, அதில் என்ன சிரமம் என்று டவுனில் 40 பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் கேட்பார்கள். சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடவேளை 45 நிமிடம். மூன்று வகுப்புக்குப் பிரித்தால் வகுப்புக்கு 15 நிமிடம். நான் ஒன்றாம் வகுப்போடு உட்கார்ந்திருக்கும்போது மற்ற 15 பேரும் கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதி முடித்தவன் பென்சில் சீவப் போவான். முடிக்காதவன் பக்கத்து நோட்டைப் பார்ப்பான். ஆக, ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் இல்லாத நேரம்தான்.

யாரோ கவனிக்காமல் விட்டதால் வந்த நிலை இல்லை இது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கும் அளவு. வகுப்போ ஐந்து. செட்டிநாட்டுக் கிராமங்களில் பெரிய பெரிய வளவு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன; வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அந்த வீடுகளைக் காவல் காக்கிறவர்கள், கட்டட வேலைக்கும், தரையில் பதிக்கும் கல் செய்கிற பட்டறைக்கும் போகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு. அதனால் ஆசிரியரும் இரண்டுதான். ஒரே அறையில் பல வகுப்பு என்பது இங்கே அன்றாட நடைமுறை.

கற்றல் மையங்களை நான் தேடிப் போனது இந்தக் கணக்கினால்தான்.

கற்றல் மையம் என்றதும் சாயங்கால ட்யூஷனை நினைக்கிறவர்கள் உண்டு, அஞ்சல்வழிக் கல்வி அலுவலகத்தை நினைக்கிறவர்களும் உண்டு. நான் சொல்வது வகுப்பறைக்குள்ளேயே, சுவரோரமாகவோ ஒரு மூலையிலோ பாய் விரித்து, ஒரு வேலைக்கு வேண்டிய பொருள்களை எல்லாம் அங்கேயே வைத்து, நான்கைந்து பிள்ளைகள் தாங்களாகவே உட்கார்ந்து செய்யும்படி அமைக்கிற இடத்தை. ஆசிரியர்கள் பேச்சில் அது மூலை. இப்போதைய பயிற்சிகளில் களம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சரி.

மூலை எதற்கு என்று கேட்டால், பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும், செய்து பார்த்துக் கற்பார்கள் என்று பதில் வரும். அது உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் முதல் காரணம் வேறு. மற்ற பிள்ளைகள் மூலைகளில் உருப்படியான வேலையில் இருந்தால்தான் நான் ஒரு பாயில் நான்கு பேரோடு உட்கார முடியும். ஒரு குழந்தை வாசிக்கும்போது எந்த எழுத்தில் தயங்குகிறாள், எந்த இடத்தில் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்க முடியும். மூலை ஆசிரியருக்கு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. அந்த நேரத்தை அவர் நான்கு பிள்ளைகளிடம் செலவழிக்கவில்லை என்றால், எவ்வளவு அழகான மூலையாக இருந்தாலும் அது அறைக்கு அலங்காரம்தான்.

இது எங்கிருந்து வந்தது

பிள்ளைகள் ஆளுக்கொரு வேலையில் இருக்க, பெரியவர் ஒருவர் சிலரை மட்டும் கவனிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். வாத்தியார் மூத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார், மூத்தவன் இளையவர்களுக்கு மணலில் எழுத்தைக் காட்டுவான். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான பள்ளியை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் பெரிய பையன்களைக் கொண்டு சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அங்கே அது மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. நம்முடைய திண்ணையிலிருந்து போனது அந்தப் பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு காலம் ஓடியது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன காலத்தில், கடையில் சேரும் சிறுவன் பெட்டியடிப் பையன். வகுப்பு எடுத்து அவனுக்கு யாரும் கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையில் அவனுக்கு மூத்த ஊழியரான அடுத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, பேரேட்டைப் பார்த்து, எழுதி, தவறைத் திருத்திக்கொண்டுதான் அவன் தேறினான்.

பொருள்களை வைத்துப் படிக்கும் முறைக்கு வேர் வேறு பக்கம். மரியா மாண்டிசோரி ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் 1907 ஜனவரி 6 அன்று ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், எடுத்தவரே திரும்ப வைப்பது என்ற ஒழுங்கெல்லாம் அவரிடமிருந்து வந்தவை. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு, பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, நிறைய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். காரைக்குடியில் அழகப்பர் எழுப்பிய கல்வி வளாகத்திலும் மாண்டிசோரி பெயரில் ஒரு பள்ளி உண்டு. அவருடைய கருத்துகளில் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். பிள்ளை தவறு செய்தால் கையில் இருக்கும் பொருளே அதைக் காட்டிவிட வேண்டும். டீச்சர் வந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு பெரிய அளவில் வந்தது, அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றலில்தான். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளையும் கற்றல் ஏணியையும் பார்த்துவிட்டு, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. பெஞ்சு போய் பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பிள்ளை வகுப்புப் படியாக நகராமல் தன் மைல்கல் படியாக, அதாவது கற்றல் ஏணியில் தான் எட்டிய படிக்கு ஏற்ப, நகர்ந்தது.

அதில் ஆறு குழு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆசிரியரின் முழு உதவியோடு ஒன்று, பகுதி உதவியோடு ஒன்று, சக மாணவரின் முழு உதவியோடும் பகுதி உதவியோடும் இரண்டு, தானே கற்பது ஒன்று, மதிப்பீட்டுக்கு ஒன்று. என்னைக் கேட்டால் அந்த முறையின் உயிர் முதல் குழுவில்தான் இருந்தது. மற்ற ஐந்தும் அந்த ஒன்று நடப்பதற்காக. புதிதாக ஒன்றைக் கற்கும் பிள்ளை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும். பழகிய பிள்ளை படிப்படியாக விலகிப் போகும். யோசித்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அட்டை முழுவதும் மேலிருந்து வந்தது. ஒரு மைல்கல்லுக்கான அட்டை தொலைந்தால் பிள்ளை அங்கேயே நின்றது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் கழித்தல் அட்டை ஒன்று இல்லாமல் ஒரு பெண் குழந்தை மூன்று நாள் ட்ரேக்களைத் துழாவிக்கொண்டே இருந்தாள். நானும் பதிவேட்டை நிரப்புவதில் இருந்தேன், கவனிக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அட்டை இல்லை, பத்து நிமிடம் நான் பக்கத்தில் உட்கார்வது. பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் எனக்கு அது மறக்கவில்லை.

2022 ஜூன் 13 அன்று தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும். கொரோனாக் காலத்தில் விட்டுப்போனதை ஈடுகட்டி, 2025-க்குள் 8 வயதுக்குள்ளான எல்லாப் பிள்ளைகளும் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்காக இருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பாடல், கதை, பொம்மலாட்டம், படித்தல், படைப்பு என்று களங்கள். அப்போதிலிருந்து அநேகமாக எல்லாப் பள்ளிச் சுவரிலும் களங்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. இனி அந்தப் பலகைக்குக் கீழே என்ன நடக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஒரு கொட்டானும் கொஞ்சம் புளியங்கொட்டையும்

எங்கள் அறையில் நான்கு மூலைகள்: எண், எழுத்து, வாசிப்பு, செய்முறை. நடுவில் என் பாய். நான்கு மூலையில் 17, 18 பேர், என் பாயில் நான்கைந்து பேர். 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றம். ஒரே நாளில் எல்லாரும் எல்லா மூலைக்கும் போக வேண்டும் என்ற விதி இல்லை. இரண்டு நாளில் ஒரு சுற்று முடிந்தால் போதும்.

எண் மூலையை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். பனையோலையில் முடைந்த சின்னக் கூடையான கொட்டான் ஒன்றில் புளியங்கொட்டை. எங்கள் பக்கத்து வீடுகளில் கொட்டானுக்குப் பஞ்சமில்லை. இன்னொரு கொட்டானில் அட்டைகள். எனாமல் தட்டு நான்கு, பழைய சாமான் கடையில் வாங்கியது, ஓரம் பெயர்ந்தது. கழுவித் தேய்த்த தேங்காய்ச் சிரட்டை பத்து. அட்டையில் 34 என்று இருந்தால் பிள்ளை 34 கொட்டையை எண்ணித் தட்டில் போட்டு, பத்துப் பத்தாகச் சிரட்டைக்கு மாற்ற வேண்டும். மூன்று சிரட்டை நிறையும், தட்டில் நாலு மிஞ்சும். அட்டையைத் திருப்பினால் பின்னால் மூன்று சிரட்டையும் நான்கு புள்ளியும் வரைந்திருக்கும். ஒத்துப்போனால் நோட்டில் எழுதலாம். போகவில்லை என்றால் மறுபடி எண்ண வேண்டும். என்னிடம் யாரும் வர வேண்டியதில்லை.

மாண்டிசோரி சொன்னதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அட்டைக்குப் பின்னால் இருக்கும் படம் எனக்கு ஓர் உதவி ஆசிரியர். மூலைக்கான வேலையை முடிவு செய்யும்போது மூன்றே கேள்வி கேட்டுக்கொள்வேன். நான் சொல்லாமல் பிள்ளையால் தொடங்க முடியுமா? தவறினால் தானே கண்டுபிடிக்குமா? முடித்த பிறகு அடுத்து என்ன என்று அதற்குத் தெரியுமா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அந்த வேலை மூலைக்கு ஆகாது. என் பாய்க்குத்தான் ஆகும்.

எழுத்து மூலையிலும் இப்படித்தான். எங்கள் பக்கம் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். வாழைப்பழம் வாளப்பளம். காதில் வித்தியாசம் விழாத பிள்ளையிடம் எழுத்துப் பிழை என்று சிவப்பு மையில் சுழித்துப் பயனில்லை. மலை, மழை, பல்லி, பள்ளி, வால், வாள், வாழ் என்று அட்டை. பின்னால் படம். சொல்லை வாசித்து அது எது என்று சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். படம் வரைய முடியாத 'வாழ்' போன்றவற்றுக்கு ஒரு சின்ன வாக்கியம். ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் காட்ட, ஒருவர் சொல்ல, சண்டை போட்டுக்கொண்டே படிப்பார்கள். அந்தச் சண்டையைத் தடுக்கக் கூடாது. ழ என்று நாக்கை மடித்துக் காட்டி ஒருத்தி இன்னொருத்தியைத் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

அட்டை செய்ய நான் காசு செலவழித்ததில்லை. செட்டிநாட்டுக் கல்யாணப் பத்திரிகை நல்ல கனமான அட்டையில் அச்சாகும். ஊரில் கேட்டால் கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். வெறுமையான பக்கத்தில் எழுதி, ஓரத்தை வளைவாக வெட்டினால் ஒரு வருடம் தாங்கும். செலவாவது நேரம்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் வருடம் சனிக்கிழமைகளில் பாதி அட்டை வெட்டுவதிலேயே போனது. இரண்டாம் வருடம் பழைய அட்டையே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

ஆத்தங்குடிக் கல்

செய்முறை மூலை என்று பெயர் வைத்துவிட்டேனே தவிர, முதலில் அதில் என்ன வைப்பது என்று பிடிபடவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அம்மா ஆத்தங்குடிப் பக்கம் ஒரு கல் பட்டறையில் வேலை. கணக்கில் அவன் மிகவும் பின்தங்கியிருந்தான். இருபதைத் தாண்டினால் எண்ணிக்கை குழம்பும். ஒரு நாள் உடைந்த பூக்கல் ஒன்றைப் பையில் கொண்டுவந்து, பூவின் கால்வாசி மட்டும் அதில் இருப்பதைக் காட்டி, "இதுமாதிரி நாலு வச்சாத்தான் டீச்சர் பூ வரும்" என்றான்.

எனக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்க இதைவிட என்ன வேண்டும்? செட்டிநாட்டு வீட்டுத் தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல வடிவங்களில் ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும். நான்கு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்து மூலைகளைச் சேர்த்தால் முழுப் பூ. கால், அரை, முக்கால், முழுசு. எட்டுக் கல்லுக்கு இரண்டு பூ. சமச்சீர், திருப்பம், வாய்பாடு எல்லாமே அதற்குள் இருக்கிறது.

பட்டறையில் கேட்டு ஒரு சாக்கு நிறைய உடைசல் வாங்கி வந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். கல் கனம், ஓரம் கூர்மை. முதல் வாரமே ஓர் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கால்விரலில் விழுந்து நகம் கறுத்துவிட்டது. அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, கல்லை மாதிரியாக வைத்துப் பத்திரிகை அட்டையில் வரைந்து, வண்ணம் தீட்டி, சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். மூலைக்குப் போகும் எந்தப் பொருளையும் அறையிலேயே சின்னக் கையில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பதை அதன்பின் ஒருநாளும் மீறவில்லை.

அந்தப் பையனிடமிருந்து இன்னொரு வேலையும் கிடைத்தது. கல் எப்படிச் செய்கிறார்கள் என்று அவன் வரிசை தவறாமல் சொன்னான். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைப்பார்கள், அதற்குள் பூ அச்சு. ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டுத் தட்டிச் சமன் செய்வார்கள். பிறகு காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பாக வரும். இதை ஆறு படமாக வரைந்து கலைத்து எழுத்து மூலையில் வைத்தேன். வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். 'முதலில்', 'பிறகு', 'அப்புறம்', 'கடைசியில்' என்ற சொற்கள் அந்த வாரம்தான் பிள்ளைகள் நோட்டில் தானாக வந்தன. பாடநூலில் அந்தப் பயிற்சி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் மற்றவர்கள் சந்தேகம் கேட்டது என்னிடம் இல்லை, அவனிடம். எண்ணிக்கையில் தடுமாறிய பையன், வகுப்புக்கே தெரிந்தவனாகி நின்றான்.

நொறுங்கும் இடங்கள்

நான் முதல் தடவை ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றே நான்கு மூலையையும் திறந்தேன். புதன்கிழமைக்குள் புளியங்கொட்டை தரையெங்கும், அட்டைகள் கலந்து, நான் போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொரு மூலையாக ஓடிக்கொண்டிருந்தேன். மூலையில் எப்படி நடந்துகொள்வது என்பதே ஒரு பாடம், அதைச் சொல்லிக் கொடுக்காமல் பொருளை மட்டும் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம் முதல் வாரம் ஒரே மூலைதான், எல்லாரும் அதையே பழகினார்கள். பொருளை எடுப்பது, பாயை விட்டு வெளியே கொண்டுபோகாமல் இருப்பது, மெதுவாகப் பேசுவது, திரும்ப வைப்பது. பழகும் அந்த நாள்களில் நான் சிறு குழுவோடு உட்காரவே இல்லை. சுற்றி நடந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாரம் ஒன்றாக மற்றவை. ஜூலை நடுவில்தான் என் பாயில் முழுதாக உட்கார்ந்தேன். பாடத்திட்டம் பின்னால் போகிறதே என்று பயமாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் அது சமமாகிவிடும்.

மாறச் சொல்ல நான் மணி அடிக்கவில்லை. மணி என்றால் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போவது. இரண்டு சிரட்டையைத் தட்டுவேன். யார் எங்கே என்பதற்கு ஒரு அட்டைப் பலகையும் பெயர் எழுதிய துணிக் கிளிப்பும். பிள்ளையே தன் கிளிப்பை நகர்த்தும்.

இன்னொரு வழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. எழுதி முடித்தவர்கள் மூலைக்குப் போகலாம் என்பது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், வேகமாக எழுதும் அதே ஐந்து பேர் தினமும் மூலையில், மெதுவாக எழுதும் பிள்ளை ஒருநாளும் அங்கே போவதில்லை. கையால் தொட்டுக் கற்க வேண்டிய பிள்ளைதான் பெரும்பாலும் மெதுவான பிள்ளை. மூலையைப் பரிசாக வைத்தால் யாருக்கு அது வேண்டுமோ அவருக்குக் கிடைக்காது.

குழுப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்று எவ்வளவு மென்மையாகப் பெயர் வைத்தாலும் பிள்ளைகளுக்குத் தெரியும். "நான் எப்பவுமே அரும்புதானா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அதன்பின் நிலைப்படிப் பிரிப்பதை என் பாயோடு நிறுத்திக்கொண்டேன். அங்கேயும் வாரா வாரம் ஆள் மாறும். இந்த வாரம் உயிர்மெய் தடுமாறுகிறவர்கள், அடுத்த வாரம் கடன்வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிறவர்கள். மலர் பிள்ளையும் அதில் வந்து உட்காரும். மூலைகளில் மூன்று வகுப்பும் கலந்துதான். சட்டாம்பிள்ளை வேலைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். பெரியவர்கள் உதவி என்ற பெயரில் சின்னவர்கள் வேலையை முடித்தே கொடுத்துவிடுவார்கள் என்பதால் ஒரே ஒரு விதி: சொல்லிக் கொடுக்கும்போது கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். வாயால் மட்டும்தான் சொல்லலாம். முதலில் தவித்துப் போனார்கள். பிறகு, வார்த்தையால் விளக்கும்போது பெரியவர்களுக்கே அந்தக் கணக்கு இன்னும் தெளிவானது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஓர் அப்பத்தா, "என்ன டீச்சர், பேரன் தினமும் புளியங்கொட்டை எண்ணிக்கிட்டு இருக்கானாம். படிப்பு எப்பத்தான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "உள்ள வந்து உக்காருங்கம்மா" என்று கம்பிப் பந்தலைக் காட்டினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு வேலையாவது, தேதி போட்டு, அதில் தொங்கும். ஜூலையில் அவர் பேரன் எழுதியதையும் அக்டோபரில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். மூலை வேலையிலிருந்து கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒன்று வெளியே வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எனக்கென்று தனியாக ஒரு நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். பாயில் அன்று உட்கார்ந்த நான்கு பேரைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. 'கொம்பு, கால் மாறுகிறது.' 'படம் பார்த்து ஊகிக்கிறாள்.' அதற்கு மேல் எழுத நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அடுத்த வாரம் யார் பாய்க்கு வர வேண்டும், எந்த மூலையில் அட்டையை மாற்ற வேண்டும் என்று அந்த வரிகளே சொல்லிவிடும். மூன்று நாள் யாருமே தவறவில்லை என்றால் அந்த அட்டை எளிது, எடுத்துவிடலாம். மூன்று நாளும் எல்லாரும் என்னிடம் ஓடி வந்தால் அதையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

பெஞ்சு போட்ட பெரிய வகுப்பில் இதெல்லாம் நடக்காது என்று டவுன் ஆசிரியர்கள் சொல்வார்கள். அங்கே பிள்ளைகளை நகர்த்த வேண்டாம், பெட்டியை நகர்த்தலாம். 40 பேருக்கு எட்டுப் பெட்டி, பெட்டிக்கு ஐந்து பேர், 20 நிமிடத்தில் பெட்டி அடுத்த பெஞ்சுக்குப் போகும். ஏழாம் வகுப்பு அறிவியலில் அமிலம், காரம் பாடத்துக்கு ஒரு தோழி இப்படிச் செய்தார். ஒரு பெட்டியில் மஞ்சள் தடவிய தாளும் சோப்புத் தண்ணீரும், தாள் சிவக்கும். ஒன்றில் செம்பருத்திச் சாறும் எலுமிச்சையும். எட்டில் ஐந்து பெட்டி தானே ஓடியது, மூன்றில் அவர் கூட நிற்க வேண்டியிருந்தது. பரவாயில்லை, அந்த மூன்றையும் வெவ்வேறு நாளுக்குப் பிரித்துக்கொண்டார்.

கல் பட்டறைப் பையனைப் பற்றிப் பாதியில் விட்டுவிட்டேன். நவம்பரில் சிரட்டைக் கணக்கு அவனுக்குக் கைவந்தது. என் பாயில் அவனோடு உட்கார்ந்தது மொத்தமாகக் கூட்டினால் ஆறேழு மணி நேரம் இருக்கும். பழைய ஏற்பாட்டில் அந்த நேரத்தை எங்கிருந்தும் என்னால் எடுத்திருக்க முடியாது. பிப்ரவரியில் ஒரு நாள் எண் மூலைக் கொட்டானில் நான் எழுதாத ஓர் அட்டை கிடந்தது. பென்சில் எழுத்து, மேலே ஒரு கால் பூ வரைந்திருந்தது. 'ஒரு பூவுக்கு 4 கல். 7 பூவுக்கு எத்தன கல்?' திருப்பினேன். 28 என்று எழுதி, ஏழு பூவையும் வரைந்து, கீழே இன்னொரு வரி: 'சரியா வந்தா நோட்ல எழுது. வரலன்னா பூவ எண்ணு.'